ஆபரேஷன் தியேட்டரில் போனைத் திறப்பது வெட்கமா?

கேள்வி கேட்ட தம்பி மயக்கவியலில் எம்.டி. முடித்து எட்டு மாதம் ஆகிறது. மதுரையில் தங்கி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று நர்சிங் ஹோம்களுக்குக் கூப்பிடும்போதெல்லாம் போய் வருகிறார். ஒரு சிசேரியனில் ஸ்பைனல் (இடுப்புக்குக் கீழே மரக்க முதுகுத்தண்டில் போடும் ஊசி) போட்ட பிறகு பிபி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. போனில் ஏற்றி வைத்திருந்த அவசரகால வழிகாட்டியைத் திறந்திருக்கிறார். கைனக் மேடம் நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, வாட்ஸப்பா?" என்றாராம். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த ஒரு வார்த்தை இவருக்கு உறுத்துகிறது. இந்த ஆப்களால் உண்மையிலேயே பயன் உண்டா, பாடம் தெரியாதவன்தான் இதையெல்லாம் பார்ப்பானா என்று கேட்கிறார்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தப்பு நடந்திருக்கிறது. போன் உங்கள் கையில் இருந்திருக்கக் கூடாது.

இதை விளக்க என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, மதுரையை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரி. குடலிறக்க ஆபரேஷனுக்கு ஸ்பைனல் போட்டுப் படுக்க வைத்தேன். ஆன்டிபயாடிக்கை டிரிப்பில் ஓட விட்டேன். சர்ஜன் கத்தி வைத்துச் சில நிமிடம்தான் இருக்கும், பிபி 70-க்கு வந்துவிட்டது. ஸ்பைனல் போட்டால் பிபி இறங்கும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிபியை ஏற்ற மெஃபென்டெர்மின் ஊசி கொடுத்தேன். ஏறவில்லை. இன்னொரு டோஸ், அப்புறம் இன்னொன்று. டிரிப்பை வேகமாக ஓடவிட்டு, காலைத் தூக்கச் சொல்லி, ஸ்பைனல் ரொம்ப மேலே ஏறிவிட்டதோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்போது மறைப்புத் துணியைச் சரிசெய்ய வந்த ஆயா, "சார், தொடையெல்லாம் தடிச்சுக் கெடக்கே" என்றார்.

அலர்ஜி. அதுவும் அந்த ஆன்டிபயாடிக்கால் வந்தது. அத்தனை நேரமும் அந்த மருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது, நான் அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மருந்தை நிறுத்தி அட்ரினலின் கொடுத்ததும் ஆள் மீண்டு வந்தார்.

மயக்கத்தின்போது வரும் கடும் அலர்ஜிக்கு அட்ரினலின்தான் முதல் மருந்து என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தேர்வில் எழுதியிருக்கிறேன், இளையவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். அறிவில் ஓட்டை இல்லை. "ஸ்பைனல்" என்ற ஒரு காரணம் மண்டையில் உட்கார்ந்துவிட்டால் மற்ற காரணங்கள் வாசலில்தான் நிற்கும். பிரிட்டனில் மயக்க மருந்தின்போது வரும் கடும் அலர்ஜியைப் பற்றி நாடு தழுவிய ஆய்வு ஒன்று செய்து 2018-ல் வெளியிட்டார்கள். சுமார் 10,000 மயக்கங்களுக்கு ஒன்று என்ற அளவில் அது வருகிறது. காரணம் உறுதியான கேஸ்களில் ஏறக்குறைய பாதிக்கு ஆன்டிபயாடிக்தான் காரணம். பல கேஸ்களில் முதலில் தெரிவது பிபி விழுவதுதான், தடிப்பு பிறகுதான் கண்ணில் படும், சில சமயம் படவே படாது. ஆக நான் மாட்டிக்கொண்டது ஒன்றும் அபூர்வமான பொறி இல்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உலகம் முழுக்க மயக்க டாக்டர்களுக்குப் பாடமாகச் சொல்லப்படுகிறது. 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண் சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். மயக்கியதும் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட முடியவில்லை, மாஸ்க்கால் காற்று ஏற்றவும் முடியவில்லை. மூன்று அனுபவசாலி டாக்டர்கள் மாற்றி மாற்றி டியூப் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்து வழியாகத் துளையிடும் செட்டை எடுத்து வந்து "தயாராக இருக்கிறது" என்று சொன்னார். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சில நாட்களில் அவர் இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. திறமை இல்லாததால் இது நடக்கவில்லை, நெருக்கடியில் மனித மூளை நடந்துகொள்ளும் விதத்தால் நடந்தது என்று அவர்தான் மருத்துவ உலகத்துக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நர்ஸ், இங்கே ஆயா. வேலையில் மூழ்காமல் ஒரு அடி தள்ளி நின்றவர்தான் சரியானதைப் பார்த்தார். அதனால்தான் சொல்கிறேன், போன் தள்ளி நிற்கிறவர் கையில் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு கையும், இரண்டு கண்ணும் நோயாளிக்கு.

விமானிகள் இதை வெகுகாலமாகச் செய்கிறார்கள். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவைக்கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் போன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார்கள் அல்லவா, அதில் துணை விமானி ஸ்கைல்ஸ்தான் முதலில் ஓட்டிக்கொண்டிருந்தார். பறவை மோதியதும் கேப்டன் சல்லன்பெர்கர் கட்டுப்பாட்டைத் தான் எடுத்துக்கொண்டார், ஸ்கைல்ஸ் கையேட்டை எடுத்தார். ஒருவர் ஓட்டினார், ஒருவர் படித்தார். இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். இதில் ஒரு குறிப்பு: அந்தக் கையேட்டுப் பட்டியல் ரொம்ப உயரத்தில் இன்ஜின் நின்றுபோனால் செய்ய வேண்டியதற்காக எழுதப்பட்டது, நீளமானது. இறங்குவதற்குள் முதல் பகுதிக்கு மேல் அவர்களால் போக முடியவில்லை. நீளமான பட்டியல் நெருக்கடிக்கு உதவாது. நம் ஆப்களுக்கும் இதே கதிதான்.

சரி, ஆதாரம் என்ன என்று கேட்டீர்கள். 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு பரிசோதனை வந்தது. 17 ஆபரேஷன் தியேட்டர் குழுக்கள், பொம்மை நோயாளியை வைத்து 106 நெருக்கடிகள். பட்டியல் கையில் இல்லாதபோது உயிர் காக்கும் படிகளில் 23 சதவீதம் விடுபட்டது, இருந்தபோது 6 சதவீதம்தான். கலந்துகொண்டவர்களில் 97 சதவீதம் பேர், நான் ஆபரேஷன் மேஜையில் படுத்து இப்படி ஒன்று நடந்தால் பட்டியலைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன் என்றார்கள். எனக்கு மிகப் பிடித்த எண் இதுதான். தன் உடம்பு என்று வந்தால் யாருக்கும் கௌரவம் குறுக்கே வருவதில்லை.

அது காகிதப் பட்டியல். போன் என்று எடுத்துக்கொண்டால், 2011-ல் பிரிட்டனில் 31 டாக்டர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் உயிர்மீட்பு ஆப் உள்ள போனைக் கொடுத்துப் பொம்மையில் சோதித்தார்கள். போன் வைத்திருந்தவர்களின் நடு மதிப்பெண் 84.5, இல்லாதவர்களுக்கு 72. சின்ன ஆய்வுதான், ஆனாலும் போனைப் பார்த்தால் நேரம் வீணாகும் என்ற வாதத்தை அது அசைத்தது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2012-ல் வந்த இன்னொரு சின்ன ஆய்வு. வழிகாட்டி அட்டை அறையிலேயே இருந்தும் இளம் டாக்டர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. அட்டையை வாசிப்பது மட்டுமே வேலை என்று ஒருவரை நிறுத்தியபோதுதான் விடுபட்டுக்கொண்டிருந்த படிகள் நடந்தன.

இவை எல்லாம் பொம்மையில் நடந்தவை என்பதை மறக்க வேண்டாம். உண்மையான நெருக்கடி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் பாதி நோயாளிகளுக்குப் பட்டியல் வேண்டாம் என்று சீட்டுக் குலுக்கவும் முடியாது. அதனால் உயிர் பிழைத்தவர் கணக்கை வைத்து நிரூபிப்பது கடினம். நிரூபணம் வரும்வரை காத்திருப்பேன் என்கிறவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை.

இப்போது இரண்டாவது கதை. ஏழெட்டு வருடத்துக்கு முந்தியது. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் ஏணியிலிருந்து விழுந்து முழங்கை உடைந்தவர், 55 கிலோ. கழுத்துக்குக் கீழே நரம்புப் பின்னலில் பியூபிவகெய்ன் போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்தேன். ஊசியை எடுத்துக் கொஞ்ச நேரத்தில், "சார், காதுல விசில் அடிக்குது, நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அடுத்த நிமிடம் வலிப்பு.

மரக்கும் மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் வரும் விஷத்தன்மை இது. முதலில் மூளையைத் தாக்கும், பிறகு இதயத்தை. ஆக்சிஜன், மிடசோலம் என்று வலிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோதே மானிட்டரில் இதயத் துடிப்பின் கோடு அகலமாகிக்கொண்டு வந்தது. இந்த விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், நம்மூரில் எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் இன்ட்ராலிபிட் என்றே சொல்வோம். முதலில் ஒரு கிலோ எடைக்கு 1.5 மி.லி. வீதம் இரண்டு மூன்று நிமிடத்தில், அப்புறம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மி.லி.

55-ஐ ஒன்றரையால் பெருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கடைக்காரர் சொல்வதற்கு முன்னால் கணக்குச் சொல்கிற ஆள் நான். அன்றைக்கு 55 என்ற எண் வெறும் படமாக நின்றது. இதற்கென்றே ஒரு பழைய போனில் வழிகாட்டிக் கார்டுகளைப் போட்டு வைத்திருந்தோம். சிஸ்டரைப் பார்த்து, "பழைய போன எடுங்க, மரக்கிற மருந்து கார்டு" என்றேன். அவர் சத்தமாக வாசித்தார்: "அம்பது கிலோன்னா எழுபத்தஞ்சு, அறுபதுன்னா தொண்ணூறு." சரி, 80 போடுவோம் என்று ஏற்றினேன். இதற்கிடையில் வலிப்பு மறுபடி வர, என் கை மயக்க மருந்தான புரோபோஃபால் சிரிஞ்சுக்குப் போய்விட்டது. பழக்கம். சிஸ்டர் நிறுத்தாமல் அடுத்த வரியை வாசித்தார்: "பிபி கம்மியா இருந்தா புரோபோஃபால் வேண்டாம்னு போட்டிருக்கு சார்." கையை எடுத்தேன். புரோபோஃபாலும் கொழுப்பில் கலந்த வெள்ளைத் திரவம்தான், அதுவே மாற்று மருந்தாகும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. அதில் இருக்கும் கொழுப்பு பத்தாது, மருந்து இதயத்தை இன்னும் அமுக்கும்.

இன்னொரு வரியும் அந்தக் கார்டில் உண்டு. இதயம் நின்றால் வழக்கமாக 1 மி.கி. அட்ரினலின் கொடுப்போம், இதில் அப்படிக் கூடாது, கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் சின்னச் சின்ன அளவாக. எல்லா நெருக்கடிக்கும் ஒரே மாதிரி ஓடுகிற கைக்கு இந்த விதிவிலக்கு நினைவுக்கு வரவே வராது. நல்லவேளை, அன்று அதுவரை போகவில்லை. கோடு சுருங்கி வந்தது. மறுநாள் மனிதர் இட்லி சாப்பிட்டார், வேறொரு நாள் வேறு முறையில் மயக்கம் கொடுத்து எலும்பை வைத்தார்கள்.

இங்கே போன் செய்தது என்ன? எனக்குத் தெரியாத எதையும் அது சொல்லவில்லை. பெருக்கல் கணக்கை முன்னாலேயே போட்டு வைத்திருந்தது, ஒரு பழக்கத்தைத் தடுத்தது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம்.

அந்தக் கார்டு எந்த ஆப்பிலும் கிடைக்காது. அமெரிக்காவின் பகுதி மயக்கச் சங்கம் (உடம்பில் ஒரு பகுதியை மட்டும் மரக்க வைக்கும் முறைக்கான சங்கம்) வெளியிட்ட பட்டியலை எடுத்து, நானும் அந்த சிஸ்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் எழுதி, படமாக எடுத்துப் போனில் போட்டது. இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அவசரக் கையேடு 2012-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஏரியாட்னி லேப்ஸ் என்ற ஆய்வு மையத்தின் பட்டியல்கள், பிரிட்டிஷ் மயக்கவியல் சங்கத்தின் விரைவுக் கையேடு, இவையும் இலவசம்தான். மூச்சுப்பாதைச் சிக்கலுக்கு நம் நாட்டின் அகில இந்தியக் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016-ல் தந்த படிநிலைப் படங்கள் நம் சூழலுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள், படியுங்கள். ஆனால் எல்லாம் ஆங்கிலம். உசிலம்பட்டி தியேட்டரில் உங்களுக்கு வாசிக்கப்போகிறவர் பத்து வருடமாக அங்கேயே வேலை கற்ற சிஸ்டர். அவருக்கு மருந்துப் பெயர் எல்லாம் தெரியும், கை உங்களைவிட வேகம். ஆங்கில வாக்கியத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் மட்டும் தயங்குவார், தப்பாகிவிடுமோ என்று குரலை இறக்குவார். குரல் இறங்கினால் எல்லாம் போச்சு.

எங்கள் அலர்ஜி கார்டு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மேலே பெரிய எழுத்தில், "காரணம் தெரியாமல் பிபி விழுகிறதா? அலர்ஜியாக இருக்கலாம்." கீழே: "ஓடுகிற ஆன்டிபயாடிக்கை நிறுத்து, டிரிப் டியூபையே கழற்று. சர்ஜனிடம் சொல். மணியைப் போர்டில் எழுது. ஆக்சிஜன் 100. அட்ரினலின் ஒரு ஆம்பூல், 100 மி.லி. சலைனில் கலக்கு, பாட்டிலில் பெயர் எழுது. பெரியவருக்கு 5 மி.லி. ரத்தக்குழாயில். ஏறவில்லையா, மறுபடி 5. ரத்தக்குழாய் கிடைக்கவில்லையா, கலக்காத அட்ரினலின் அரை மி.லி. தொடைச் சதையில். சலைன் 1 லிட்டர் வேகமாக, கால் மேலே. மேல் பிபி 50-க்குக் கீழா? நெஞ்சை அமுக்க ஆரம்பி." அவ்வளவுதான். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "அவில், எஃப்கார்லின், டெக்ஸா எல்லாம் பிறகு."

அவில் அரிப்பை அடக்கும் மருந்து, மற்ற இரண்டும் ஸ்டீராய்டு. அந்தக் கடைசி வரி ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம்மூரில் அலர்ஜி என்ற சொல் காதில் விழுந்ததும் சிஸ்டர்கள் கை தானாக அவில் ஆம்பூலை உடைக்கும். பாவம், நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரினலின்.

மைக்ரோகிராம் என்று எங்கும் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். 1 மி.கி. ஆம்பூலை 100 மி.லி.-யில் கலந்தால் 1 மி.லி.-க்கு 10 மைக்ரோகிராம், 5 மி.லி. என்றால் 50. இந்தக் கணக்கை நாம் வீட்டில் போட்டுக்கொள்ளலாம், கார்டில் மி.லி. மட்டும் இருந்தால் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இன்னொரு ஆஸ்பத்திரியில் அதே ஆம்பூலை 10 மி.லி.-யில் கலப்பார்கள். அங்கே இந்தக் கார்டைப் பார்த்து 5 மி.லி. கொடுத்தால் பத்து மடங்கு போய்விடும். கலக்கும் முறையும் கொடுக்கும் அளவும் ஒரே கார்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்றால் நான்கிலும் ஒரே மாதிரி கலக்கச் சொல்லிப் பேசி முடியுங்கள். ஆப் இறக்குவதைவிட இதற்குத்தான் பொறுமை வேண்டும்.

கார்டை நோயின் பெயரில் அடுக்காதீர்கள், கண்ணில் தெரிவதின் பெயரில் அடுக்குங்கள். என் முதல் கதையில் "அலர்ஜி" கார்டு இருந்திருந்தாலும் நான் திறந்திருக்க மாட்டேன், எனக்குத்தான் அது ஸ்பைனல் ஆயிற்றே! "பிபி விழுகிறது" என்று ஒரு கார்டு இருந்து, அதில் ரத்தப்போக்கு, உயர்ந்துபோன ஸ்பைனல், அலர்ஜி, நுரையீரலில் அடைப்பு, இதயம் என்று வரிசையாக ஒருவர் வாசித்திருந்தால் மூன்றாவது சொல்லில் விழித்திருப்பேன். "சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) விழுகிறது", "காற்று ஏற்ற முடியவில்லை", "துடிப்பு 40-க்குக் கீழே" என்று முதலில் திறக்க ஐந்தாறு கார்டு போதும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சொந்தப் போன் இதற்கு லாயக்கில்லை. கையுறை போட்ட விரலுக்கு ரேகைப் பூட்டு திறக்காது, மாஸ்க் போட்ட முகத்துக்குப் பல போன்களில் முகப்பூட்டு திறக்காது. சிஸ்டருக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. முப்பது விநாடியில் திரை அணைந்துவிடும். மூன்றாவது வரி வாசிக்கும்போது அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து "சார், கிளம்பிட்டீங்களா" என்று கால் வரும். அதோடு, உதவிக்கு இன்னொரு டாக்டரைக் கூப்பிட உங்கள் போன் சும்மா இருக்க வேண்டும். மேலூரில் தனியாக நிற்கும்போது மதுரையிலிருந்து ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும், முதல் இரண்டு நிமிடத்தில் அந்த அழைப்பு போயிருக்க வேண்டும். நெருக்கடியில் போனின் முதல் வேலை இன்னமும் போன் பேசுவதுதான்.

வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய போன் ஒன்றை எடுங்கள். சிம் வேண்டாம், பூட்டு வேண்டாம், திரை அணையாதபடி வைத்துவிடுங்கள். கார்டுகள் மட்டும் முதல் திரையில், நெட் இல்லாமல் திறக்க வேண்டும். எக்ஸ்ரே மிஷின் வைத்த தியேட்டர் அறைகளில் சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜிப் வைத்த தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டு மயக்க மிஷினில் கட்டித் தொங்கவிட்டால், பையோடு துடைக்கலாம், பைக்கு வெளியிலிருந்தே தொடலாம். சார்ஜர் அதற்கென்று தனியாக இருக்கட்டும். இவ்வளவு செய்வதற்குக் காகிதத்தில் அச்சடித்து லேமினேட் பண்ணி மாட்டலாமே என்றால், தாராளமாக மாட்டுங்கள், நானும் மாட்டியிருக்கிறேன். போனுக்குக் கூடுதலாக இருப்பது இரண்டு: நேரம் பார்க்கும் கடிகாரம், எடைக்கு அளவு சொல்லும் கணக்கு. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும்போது அந்தக் கணக்கு உண்மையிலேயே உயிர். நெஞ்சை அமுக்கும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை தாளம் தட்டும் மெட்ரோனோம் ஒன்றையும் போட்டு வையுங்கள், அந்தச் சத்தம் அறையில் இருப்பவர்களை நிதானப்படுத்துகிறது.

வாட்ஸப் குழுவில் கேட்பது, சாட்போட்டில் தட்டுவது எல்லாம் நெருக்கடி நேரத்துக்கு ஆகாது. ஒருமுறை ஒருவர் கேஸ் நடுவில் குழுவில் கேள்வி போட்டார். முதலில் வந்த மூன்று பதிலில் இரண்டு கைகூப்பும் படம்.

அப்புறம், கார்டில் எழுதியிருக்கிற மருந்து அலமாரியில் இருக்கிறதா? டான்ட்ரோலின் கார்டைப் பாருங்கள். சில மயக்க வாயுக்களால் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும் அபூர்வ நோய்க்கு ஒரே மருந்து அது. கிலோவுக்கு 2.5 மி.கி., பழைய வகை வயல் ஒன்றில் 20 மி.கி., 60 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே 8 வயல், ஒவ்வொன்றையும் 60 மி.லி. ஊசித் தண்ணீரில் கலக்க வேண்டும். நம் நர்சிங் ஹோம் எதில் இருக்கிறது? இல்லாத மருந்தைக் கார்டு கேட்டால் வாசிப்பவரும் திகைப்பார், நீங்களும் திகைப்பீர்கள். அந்தக் கார்டில் நான் எழுதியிருப்பது: வாயுவை நிறுத்து, ஆக்சிஜனை அதிகம் ஓடவிட்டு வேகமாக மூச்சுக் கொடு, குளிர்ந்த சலைன், ஐஸ், ஊசியால் போகிற மயக்கத்துக்கு மாறு, ஆபரேஷனைச் சீக்கிரம் முடிக்கச் சொல், இந்த இரண்டு எண்ணையும் கூப்பிடு. மருந்து எங்கே கிடைக்கும் என்பதை அமைதியான ஒரு நாளில் நீங்கள் விசாரித்து அந்த எண்களை நிரப்ப வேண்டும்.

கைனக் மேடம் விஷயம். அவர் கேட்டதில் தப்பில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஸ்பைனலில் நோயாளி விழித்திருக்கிறார், அவருக்கும் அப்படித்தான் தோன்றும். அடுத்த முறை கேஸ் ஆரம்பிக்கும் முன்பே, "மேடம், ஏதாவது ஆச்சுன்னா சிஸ்டர் இந்தப் போன்ல இருந்து சத்தமா வாசிப்பாங்க, நீங்களும் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிடுங்கள். நெருக்கடி வந்தால் "சிஸ்டர், கார்டு" என்று சத்தமாகக் கேளுங்கள். மேடத்துக்கும் வேலை கொடுங்கள். ரத்தப்போக்கு கார்டில் பாதி வேலை அவருடையதுதான்.

மாதம் ஒருமுறை, முதல் கேஸுக்கு முன்னால் டீ வரும்வரை பத்து நிமிடம் போதும். ஒரு கார்டைத் திறந்து சிஸ்டரை வாசிக்கச் சொல்லி, காலி சிரிஞ்சை வைத்துச் செய்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை அன்றைக்கே மாற்றி எழுதுங்கள். எங்கள் அலர்ஜி கார்டு இப்படி ஐந்து முறை மாறியிருக்கிறது. "டியூபையே கழற்று" என்பது சிஸ்டர் சேர்த்தது. மருந்தை நிறுத்தினாலும் டியூபில் மிச்சம் இருப்பது போகுமே சார் என்றார், எனக்குத் தோன்றவில்லை.

வாசிக்கும்போது எந்தெந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஒருவர் எழுந்து போய்க் கையில் எடுத்து வர வேண்டும், இதில் மட்டும் சலுகை கொடுக்காதீர்கள். போன வாரம் நாங்கள் மரக்கிற மருந்து கார்டை வாசித்தோம். 55 கிலோ ஆளுக்கு முதல் டோஸ் 80 போனால் 250 மி.லி. பாட்டிலில் மீதி 170, நிமிடத்துக்கு 14 வீதம் பன்னிரண்டு நிமிடத்தில் காலி. ஆகவே இரண்டு பாட்டில் வேண்டும் என்று கார்டிலேயே இருக்கிறது. இன்ட்ராலிபிட் எடுத்து வரச் சொன்னபோது ஒரு பாட்டில்தான் வந்தது, அதிலும் இந்த மாதத்தோடு தேதி முடிகிறது. புதிதாக இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.